கெம்பம்மாவுக்குக் கொடுத்த மருந்து

போன மாதம் தர்மபுரியில் நர்சுகள் சேர்ந்து நடத்திய ஒரு விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். வந்திருந்தவர்களில் வயதில் மூத்தவள், எண்பது தாண்டியவள், நான்தான் என்று முன்வரிசையில் உட்காரவைத்துச் சால்வை போட்டார்கள். பேச்சுகள் முடிந்தபின், கேட்க வேண்டியதைக் கேட்கலாம் என்று அறிவித்தார்கள். ஓர் இளம் நர்ஸ் எழுந்தாள்.

"மேடம், ரத்தம் ஒறையாம இருக்க மாத்திரை குடுக்கறோமில்லீங்களா, அது அல்சைமர் நோய்க்குக் கேக்குமான்னு இப்ப ஆராய்ச்சி பண்றாங்களாம். உங்க காலத்துல இதையெல்லாம் யாராச்சும் யோசிச்சிருப்பாங்களா?"

"யோசிச்சாங்க" என்றேன். அதற்குள் கேசரித் தட்டுகள் வந்துவிட்டன. மேற்கொண்டு பேசுவதற்கு அது இடமும் இல்லை. அந்தப் பெண்ணுக்குச் சொல்லியிருக்க வேண்டிய மீதியை இப்போது எழுதுகிறேன். நல்லபடியாக முடியும் என்று நினைத்துக்கொண்டு அவள் இதைப் படிக்க வேண்டாம்.

நான் நர்ஸ் ஆனது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில். சேலத்தில் பயிற்சி. சுருக்கமில்லாமல் படுக்கை விரிப்பது, ஊசியைக் கொதிக்கவைப்பது, பிரசவம் பார்ப்பது, டாக்டர் பேசும்போது வாயை மூடிக்கொண்டு நிற்பது. இவ்வளவையும் கற்றுத் தந்து அனுப்பினார்கள். தர்மபுரிக்கு வெளியே பென்னாகரம் போகிற சாலையில் இருந்த ஒரு தரும ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். இரண்டு வார்டுகள், ஓர் அறுவை அறை, பின்னால் ஒரு சவக்கிடங்கு. தர்மபுரி அப்போது சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. மலையிலிருந்து வருகிறவர்கள் நடந்தே வருவார்கள். வந்து சேரும்போது பாதி உயிர்தான் இருக்கும்.

ரத்தம் உறைவது பற்றி முதன்முதலில் நான் பயந்தது பாப்பாரப்பட்டிப் பெண் ஒருத்தியால். முனியம்மாள் என்று பெயர். தலைப்பிரசவம், சுகமாக ஆனது. சில நாளில் இடது கால் வீங்கி வெள்ளை வெளேரென்று மினுங்கியது. அப்போதிருந்த பெரிய டாக்டர், காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் பஞ்சு சுற்றச் சொன்னார். அட்டை பிடித்துவந்து விட்டோம். எங்களிடம் இருந்த வைத்தியம் அவ்வளவுதான். வீக்கம் வடிந்தது. அவளும் சிரித்துப் பேச ஆரம்பித்தாள். ஒரு காலையில் அழுகிற குழந்தையை எடுக்க எழுந்தவள், குழந்தையைத் தொடுமுன்னே மார்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலோரம் சரிந்தாள். நான் ஓடிப் போய்ப் பிடித்தபோது முகம் நீலமாகிவிட்டிருந்தது.

"கால்ல ஒறைஞ்ச ரத்தக்கட்டி நெஞ்சுக்கு ஏறிடுச்சு" என்றார் டாக்டர். அடுத்த கட்டிலுக்குப் போனார். அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை. செய்ய வேறு எதுவும் இல்லை.

யுத்தம் முடிந்து டாக்டர் பத்மநாபன் வந்தார். பர்மா எல்லையில் ராணுவ ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தவர். உயரம், கொஞ்சம் கூன். யாரையும் ஒருமையில் பேசமாட்டார். மாடு மேய்க்கிற கிழவரையும் "உக்காருங்க" என்பார். அந்த நாளில் அது வழக்கமில்லை. முதல் தடவை வருகிறவர்கள், தங்களுக்குப் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்கள். கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. ஏதாவது யோசிக்க வேண்டுமென்றால் கை கழுவப் போவார். முழங்கை வரை சோப்புப் போட்டு, விரல் விரலாகத் தேய்த்து, மறுபடி சோப்புப் போடுவார். நாங்கள் துண்டோடு நிற்போம்.

வார்டுக்குள் வந்ததும் எங்களைக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"என்ன பாத்தீங்க சிஸ்டர்?"

"நல்லா இருக்காங்க டாக்டர்" என்று சொல்லிவிடக்கூடாது. "அது நான் முடிவு பண்ண வேண்டியது. நீங்க பாத்ததைச் சொல்லுங்க" என்பார். கஞ்சி முழுக்கக் குடித்தார்கள், வீக்கம் கணுக்காலோடு நிற்கிறது, கூப்பிட்டால் இடது பக்கம் திரும்புவதில்லை. இப்படிச் சொன்னால் தலையசைப்பார். பிறகு வந்த எத்தனையோ டாக்டர்களிடம் அந்தப் பழக்கத்தில் பேசப்போய் நான் திட்டு வாங்கியிருக்கிறேன்.

புது மருந்தைக் கொண்டுவந்தவர் அவர்தான். டைகுமரால் என்ற மாத்திரை. ராணுவத்தில் உடனிருந்த நண்பர் ஒருவர் பம்பாயிலிருந்து அனுப்பிக்கொண்டிருந்தார். அழுகின தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்ததை ஆராய்ந்து அமெரிக்காவில் கண்டுபிடித்தது என்று சொன்னார். "மாட்டைக் கொன்னது மனுஷனைக் காப்பாத்துது. அளவு தப்பினா மனுஷனையும் கொல்லும்" என்றார். அதனால் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தினமும் ரத்தப் பரிசோதனை. அதற்கு முயல் மூளை வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கம்பிக்கூண்டில் முயல் வளர்த்தோம். மூளையை எடுத்து, மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய தோலையும் ரத்தக்குழாய்களையும் குண்டூசியால் உரித்துவிட்டு, கல்வத்தில் போட்டு அசிட்டோன் ஊற்றி அரைக்க வேண்டும். ஊற்றி, வடித்து, மறுபடி ஊற்றி அரைத்தால் கடைசியில் வெளுத்த பொடியாக உதிரும். அதைக் காயவைத்துப் புட்டியில் மூடி வைப்போம். காலையில் நோயாளியின் ரத்தத்தை எடுத்து, உறையாமல் இருக்க உப்பு மருந்து கலந்த குழாயில் விட்டு, கையால் சுற்றும் இயந்திரத்தில் சுழற்றுவேன். சிவப்பு கீழே தங்கி, மேலே மஞ்சளாகத் தெளிவு நிற்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் குழாயை நிறுத்தி, அந்தத் தெளிவில் முயல் மூளைக் கரைசலும் சுண்ணாம்புச் சத்தும் விட்டவுடன் கடிகாரத்தை அழுத்த வேண்டும். குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு கணத்தில் சிலந்தி நூல்போல ஒன்று உள்ளே ஓடும். அப்போது நிறுத்த வேண்டும். பக்கத்துக் குழாயில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மாத்திரை சாப்பிடாத ஓர் ஆளின் ரத்தம். பெரும்பாலும் அது என் ரத்தம்தான்.

கம்பைநல்லூரிலிருந்து முனியம்மாள் மாதிரியே ஒரு பெண் வந்தாள். அதே வெள்ளைக்கால். அவளுக்கு இந்த மாத்திரை கொடுத்தோம். தினமும் குழாய்களைச் சாய்த்துப் பார்த்தோம். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துபோய், கரி எரித்து ஓட்டுகிற பஸ்ஸில் ஏறினாள். பஸ் போகும்வரை டாக்டர் வாசலில் நின்றார். அன்று எனக்கு, இனிமேல் யாரும் அப்படிச் சாக வேண்டியதில்லை என்று தோன்றியது.

மாரியப்பன் வண்டி கட்டிக்கொண்டு வந்தது அதற்கு அடுத்த புளிப் பருவத்தில்.

இண்டூர்க்காரர். மரத்துக்கு மரம் புளி வாங்கிச் சந்தைக்கு ஏற்றுகிற தொழில். வண்டியில் வைக்கோல் பரப்பி அதன் மேல் மனைவியை உட்காரவைத்திருந்தார். கெம்பம்மா. ஐம்பது வயது இருக்கும். முடிகூட நரைக்கவில்லை. நல்ல உடற்கட்டு. சேலையை மட்டும் யாரோ அவசரமாகச் சுற்றிவிட்ட மாதிரி இருந்தது, சுற்றிவிட்டது மாரியப்பன்தான்.

"என்ன செய்யுதுங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க. ஆளுதான் இல்ல."

பெஞ்சில் உட்காரச் சொன்னபிறகும் நின்றுகொண்டே சொன்னார். "அடுப்புல ஒலை கொதிக்குதுங்க, துடுப்பப் போட்டுக் கிண்டறா. மாவு போடல. வெறுந்தண்ணிய மத்தியானம் வரைக்கும் கிண்டறா. நம்ம வூட்டுலயே நின்னுக்கிட்டு வூட்டுக்குப் போவணும்ங்கறா. தமிழு போச்சுங்க. அவுங்க ஆத்தா வூடு தளிப் பக்கம், அந்தக் கன்னடந்தான் வருது. எனக்கு அது அரகொறையாத்தான் தெரியும். கட்டுனவன்கிட்ட என்ன பேசறான்னே தெரியாம நான் தலையாட்டிக்கிட்டு இருக்கறேன்."

"வேற யாருகிட்டயாவது காட்டினீங்களா?"

"காத்துக் கருப்புன்னாங்க, செய்வினைன்னாங்க. வேப்பந்தழையில அடிச்சாங்க. எதுக்கு அடிக்கறாங்கன்னு தெரியாம என் மூஞ்சியவே பாத்தா. அதோட நிறுத்திட்டேனுங்க."

பிள்ளை இல்லை. பிறந்த இரண்டும் தங்கவில்லை. இருவர் மட்டும்தான்.

டாக்டர் ஒரு சீப்பைக் காட்டினார். கெம்பம்மா வாங்கி, திருப்பிப் பார்த்து, மடியில் வைத்துக்கொண்டாள். சாவியைக் காட்டினார். அதையும் மடியில் வைத்துக்கொண்டாள். மாரியப்பன் இடுப்பு முடிச்சிலிருந்து ஒரு புளித் துண்டை எடுத்து நீட்டினார். அதை வாயில் போட்டுச் சப்பி, கொட்டையைத் துப்பிவிட்டு, "ஹொஸ ஹுணசெ" என்றாள். எனக்குக் கன்னடம் தெரியும். என் அம்மா ஓசூர்க்காரி. புதுப் புளி என்கிறாள் என்று டாக்டரிடம் சொன்னேன்.

"பழசும் புதுசும் கலந்தா நாக்குல வெச்சுச் சொல்லிடுவா இவ" என்றார் மாரியப்பன். "சந்தையில யாவாரிங்க பயப்படுவாங்க."

அன்று டாக்டர் கை கழுவியது இன்னும் கண்ணில் நிற்கிறது. சோப்பு கரைந்துகொண்டே இருந்தது.

"இது முதுமை இல்ல சிஸ்டர். முதுமைக்கு முன்னாடியே வர்ற ஒரு நோய். அல்சைமர்ங்கற ஜெர்மன் டாக்டர் பேரை வெச்சிருக்காங்க. பேர் வெச்சதோட சரி. ஏன் வருதுன்னு யாருக்கும் தெரியாது." துண்டை வாங்கிக்கொண்டார். "மூளைக்குள்ள மயிரிழை மாதிரி ரத்தக்குழாய்கள். அதுல கொஞ்சம் கொஞ்சமா ரத்தம் உறைஞ்சு அடைச்சுக்கிட்டா? வாய்க்கால் தூர்ந்துபோனா கடைசி வயல்தானே முதல்ல காயும்?"

"அப்படின்னு யாராவது கண்டுபிடிச்சிருக்காங்களா டாக்டர்?"

"சிலர் நினைக்கறாங்க. யாரும் நிரூபிக்கல."

பிறகு, என்னைப் பார்க்காமல், தன் அப்பா வக்கீலாக இருந்தவர் என்றும், கோர்ட்டிலிருந்து வீட்டுக்கு வர வழி தெரியாமல் ஒருநாள் தெருவில் நின்றார் என்றும், கடைசி வருஷங்களில் மகனை "சார்" என்று கூப்பிட்டார் என்றும் சொன்னார். அதற்கு முன்னும் பின்னும் அவர் வீட்டு விஷயம் எதையும் நான் கேட்டதில்லை.

மாரியப்பனிடம் அவர் எதையும் மறைக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.

"இது ரத்தம் உறையாமப் பண்ற மருந்துங்க. இந்த நோய்க்கு இதை நான் இதுவரைக்கும் யாருக்கும் குடுத்ததில்ல. குணமாகும்னு சொல்லமாட்டேன். சின்ன அடி பட்டாக்கூட உள்ள ரத்தம் கசியும், நிக்காது. உயிருக்கு ஆபத்து வரலாம். வேண்டாம்னு சொன்னீங்கன்னா எனக்கு வருத்தமில்ல."

"குடுக்கலேன்னா?"

"இப்ப போறமாதிரியே போகும்."

"எதுவரைக்குங்க?"

"முழுங்கறதுகூட மறந்துபோகும்."

மாரியப்பன் வெளியே போய் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தார். "குடுத்துப் பாருங்க" என்றார்.

சுவரோரக் கட்டில் கொடுத்தோம். கால்மாட்டிலும் தலைமாட்டிலும் பழைய மெத்தையைக் கட்டினேன். கூரான சாமான் எதுவும் கைக்கெட்டாமல் பார்த்துக்கொண்டோம். மாரியப்பன் வண்டியை ஆஸ்பத்திரி வளாகத்திலேயே அவிழ்த்துப் போட்டுவிட்டு, புங்கமரத்தடியில் கல் கூட்டிக் களி கிண்டுவார். உருண்டை பிடித்து, கீரைச் சாற்றில் தொட்டு, அவள் வாயில் வைப்பார். அவள் சில நாள் வாங்கிக்கொள்வாள். சில நாள் "யாரு நீனு?" என்று கேட்டு வாயை இறுக்கிக்கொள்வாள். அந்தக் கேள்விக்கு அர்த்தம் அவருக்குத் தெரியும். "உன் ஆளுதாண்டி" என்பார்.

நான் கன்னடத்தில் பேசுவதால் என்னை அக்காவாக்கிக்கொண்டாள். ரத்தம் எடுக்கும்போது கையை இழுப்பாள். "ஸ்வல்ப இரு" என்றால் கொஞ்சம் பொறுப்பாள். அவள் ரத்தமும் என் ரத்தமும் பக்கத்துப் பக்கத்துக் குழாயில். என்னுடையது சட்டென்று நூலோடும். அவளுடையதில் நூல் ஓட நாளுக்கு நாள் தாமதமாயிற்று. டாக்டர் விரும்பிய அளவுக்கு வந்து அங்கேயே நின்றது. மாத்திரை அளவை அவர் கூட்டிக் குறைத்ததெல்லாம் அந்தக் குழாயைப் பார்த்துத்தான். ஒருநாள்கூட அவர் பார்க்காமல் விட்டதில்லை.

ஒரு காலையில் மாரியப்பன் களியை ஊட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்துக் கட்டிலில் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். கெம்பம்மா தமிழில், தெளிவாக, "உப்பு பத்தல மாரியப்பா" என்றாள்.

அவர் கையிலிருந்த உருண்டை கீழே விழுந்தது. "டாக்டரு! எம் பேரச் சொல்லிட்டா! எம் பேரு தெரியுது அவளுக்கு!" என்று வார்டையே கூட்டிவிட்டார். டாக்டர் ஓடிவந்தார். நோயாளியின் கட்டிலில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். கெம்பம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இவர் யாருங்கம்மா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். மறுபடி வாய் திறக்கவில்லை.

தாழ்வாரத்தில் என்னைக் கேட்டார். "என்ன பாத்தீங்க சிஸ்டர்?"

"பேரைச் சொன்னாங்க டாக்டர். தமிழ்ல சொன்னாங்க. உப்பு பத்தலன்னாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் பாத்தேன்."

இன்றைய பெண்களுக்கு இது புரியாது. அந்தக் காலத்தில் எந்தப் பெண்டாட்டியும் புருஷன் பேரைச் சொல்லமாட்டாள். முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் பண்ணினவள், கூலியாளைக் கூப்பிடுவதுபோல் "மாரியப்பா" என்றாள். ஞாபகம் திரும்பியதால் சொன்னாளா, சொல்லக்கூடாது என்பதும் மறந்துபோனதால் சொன்னாளா? எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மாரியப்பனுக்குச் சந்தேகமே இல்லை. டாக்டருக்கும், அன்றைக்கு மட்டும், இல்லை. மருந்து தொடர்ந்தது.

அது நடந்தது ஒரு சந்தை நாளின் முற்பகலில். வெளிநோயாளிகள் கூட்டம். மாரியப்பன் கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார். கெம்பம்மா கழிப்பிடத்திலிருந்து ஆயாவோடு திரும்பி வந்தவள், வளாகத்தில் நின்ற வண்டியைப் பார்த்தாள். "நானு மனெகெ ஹோக்பேகு" என்றாள். நான் வீட்டுக்குப் போகணும். கையை உதறிக்கொண்டு போய்ப் பின்பக்கமாக வண்டியில் ஏறினாள். மாடு பூட்டாத வண்டி. பின்னால் பாரம் ஏறியதும் முன்னால் நுகத்தடி தூக்கிக்கொண்டது. அவள் சரிந்து இறங்கினாள். போகிற போக்கில் சக்கரத்தின் இரும்புப் பட்டை நெற்றியோரத்தில் உரசியது.

நெல்லிக்காய் அளவு வீக்கம். வேறு யாராக இருந்தாலும் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். அவள் எழுந்து உட்கார்ந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். ஓடிவந்த மாரியப்பனைப் பார்த்துச் சிரித்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. மாத்திரையை அந்த நிமிஷமே நிறுத்தினார். ஆனால் டைகுமரால் நிறுத்தியதும் நிற்கிற மருந்தல்ல. நாள்கணக்கில் உடம்பில் இருக்கும். மத்தியானம் வீக்கம் கண்ணைச் சுற்றிக் கறுத்து இறங்கியது. ஈறில் ரத்தம் கசிந்தது. பிறகு தூங்கத் தொடங்கினாள். டார்ச்சு அடித்துப் பார்த்தேன். ஒரு கண்ணின் பாவை சுருங்கியது. மற்றது அகன்று அப்படியே நின்றது.

"என்ன பாத்தீங்க?"

சொன்னேன். அவர் குரல் கேட்கவே இல்லை. உதடு அசைந்ததை வைத்துத்தான் மாத்திரைக்கு மாற்றான வைட்டமின் கே ஊசியைக் கேட்கிறார் என்று தெரிந்துகொண்டேன். இருந்தது அத்தனையையும் போட்டோம். நல்ல ரத்தம் ஏற்றினால் உறையும் சக்தி கொஞ்சம் வரலாம் என்றார். மாரியப்பன் சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றார். வெள்ளைப் பீங்கான் தட்டில் அவருடைய ரத்தத்தில் ஒரு துளியையும் அவளுடைய தெளிவில் ஒரு துளியையும் கலந்து ஆட்டினேன். பால்போல் திரிந்தால் அந்த ரத்தம் அவளுக்குச் சேராது. டாக்டர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேருதுங்களா?" என்று மாரியப்பன் கேட்டார்.

"சேருது."

அவர் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் எப்படி எழுதுவது? அத்தனை நாளில் அவள் அவர் பெயரைச் சொன்னபோதுகூட அப்படி ஒரு நிம்மதி இல்லை. பெஞ்சில் நீட்டிப் படுத்து, "வேணுங்கறத எடுத்துக்கங்க, நான் தாங்குவேன்" என்று கையை நீட்டினார். புட்டியில் அவர் ரத்தம் நிறைந்தது. அதைக் கம்பியில் தொங்கவிட்டு அவள் கைக்கு ஏற்றினோம். அவர் எழுந்து வந்து, சொட்டு விழும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கட்டிலோரம் நின்றார். புட்டி பாதி இறங்குமுன் அவள் மூச்சு மாறிவிட்டது. சேலத்துக்குக் கொண்டுபோகலாமா என்று நான் கேட்டேன். டாக்டர் இல்லை என்று தலையாட்டினார். பொழுது சாயுமுன் அடங்கிவிட்டாள். புட்டியில் மீதி இருந்தது.

டாக்டர் மாரியப்பனிடம் தலையைத் திறந்து பார்க்க அனுமதி கேட்டார். நேராகவே கேட்டார்.

"அறுத்துப் பாத்தா என்ன தெரியுங்க?"

"நான் நினைச்சது சரியா, தப்பான்னு தெரியும். இதே நோயோட அடுத்தாப்பல யாராவது வந்தா உதவும்."

மாரியப்பன் அவள் கால்விரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சைப் போட்டு முடித்தார். "இன்னொருத்தருக்கு ஒதவும்னா பாருங்க. மூஞ்சியக் கெடுத்துராதீங்க. அவுங்க ஆத்தா வூட்டுலருந்து பாக்க வருவாங்க."

மறுநாள் காலை சவக்கிடங்கில் நான் டாக்டருக்கு எதிரே நின்றேன். அடிபட்ட பக்கத்தில் கறுப்பு ரத்தம் உறையாமல் வழிந்தது. அது எதிர்பார்த்ததுதான். அவர் தேடியது அதை அல்ல. மூளையை வெளியே எடுத்தபோது அது இருக்க வேண்டிய அளவில் இல்லை. சுருங்கி, மடிப்புக்கு மடிப்பு இடைவெளி விட்டு, கோடையில் வற்றின ஏரிபோல் கிடந்தது. அடியில் ஓடும் ரத்தக்குழாய்களை ஒவ்வொன்றாக, நுனிக் கத்திரியால் நீளவாக்கில் வெட்டித் திறந்தார். கிளை பிரியும் இடங்களில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மூளையைத் துண்டு துண்டாக நறுக்கிப் பார்த்தார். நானும் பார்த்தேன். குழாய்கள் வழவழவென்று சுத்தமாக இருந்தன.

"திறந்திருக்கு" என்றார். அடுத்ததை வெட்டினார். "இதுவும் திறந்திருக்கு." கடைசியில் கத்திரியை வைத்தார்.

தைத்ததும் அவரேதான். முடிக்குப் பின்னால் மறையும்படி நெருக்கமாகத் தைத்தார். நான் தலை வாரிப் பூ வைத்தேன்.

டாக்டர் பிற்பாடு என்ன ஆனார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த மாத்திரையை அவர் மறுபடி தொடவில்லை. வெள்ளைக்காலுக்கும் கொடுக்கவில்லை. அதற்கு அது நிச்சயமாக வேலை செய்யும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுத்த மழைக்காலத்தில் அந்தக் காலோடு ஒருத்தி வந்தாள். நான் புட்டியை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். "வேண்டாம் சிஸ்டர். தலையணை வையுங்க" என்றார். அவள் முனியம்மாளைப் போலவே போனாள். அதற்குப் பிறகு அவர் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டார். எங்கே போனார் என்று சொல்லிக்கொள்ளவில்லை. நான் இன்னும் பல வருஷம் வேலை பார்த்தேன். கெம்பம்மாவைப் போன்றவர்களைக் கூட்டிக்கொண்டு வந்துகொண்டேதான் இருந்தார்கள். குளிப்பாட்டினோம், ஊட்டினோம், முதுகில் புண் வராமல் புரட்டிப் போட்டோம். மருந்து கேட்டவர்களிடம் இல்லை என்றோம். அந்த நோயைப் பற்றி நான் என் வேலைக்காலத்தில் தெரிந்துகொண்டது, அது இன்னது அல்ல என்பது மட்டும்தான்.

அன்று காலை சவக்கிடங்கிலிருந்து வெளியே வந்தபோது மாரியப்பன் புங்கமரத்தடியில் நின்றிருந்தார். வண்டியில் புது வைக்கோல் பரப்பியிருந்தார். டாக்டர் கை கழுவப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. அப்படியே அவரிடம் நடந்தார்.

"என்னங்க இருந்துச்சு?"

"நான் நினைச்சது இல்லீங்க. அடைப்பு எதுவும் இல்ல. மூளையே வத்திப்போயிருக்கு. ஏன்னு எனக்குத் தெரியல."

"அப்ப அந்த மாத்திர?"

"அவங்களுக்கு அது வேண்டியதே இல்ல. அது குடுக்காம இருந்திருந்தா, அந்த அடியில செத்திருக்கமாட்டாங்க."

செத்தவரின் ஆளிடம் இப்படிச் சொன்ன டாக்டரை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. மாரியப்பன் கத்துவார், அடிப்பார் என்று பயந்து பக்கத்தில் போனேன். அவர் கத்தவில்லை. ரத்தம் எடுத்த கையின் கட்டை இன்னும் அவிழ்க்காமல் இருந்தார்.

"இனிமேக்கொண்டு இப்படி யாராச்சும் வந்தா என்ன குடுப்பீங்க?"

"குடுக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்க."

"ஒண்ணுமே இல்லீங்களா?"

"இல்ல."

"இன்னொருத்தருக்கு ஒதவும்னீங்களே" என்றார் மாரியப்பன்.

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே பதில் ஏதாவது இருக்கும் என்பதுபோல் டாக்டர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மாடுகளைப் பூட்டப் போனார்.